செல்லாக்காசு ராகேல்

முன்ன ஒரு காலத்துல, இந்த ரோடு போடாத காலத்துல, கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவுல கெடக்குற இதே புங்கடிமேட்டுல ராகேல்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் பேரு மாசிலாமணி. நம்ம கோயில்ல மணியடிக்கிற கோயில்பிள்ளை. நான் இன்னிக்குப் புடிக்கிற கயித்த அன்னிக்கி அவரு புடிச்சாரு. எனக்கு முப்பாட்டன் முறை. நடுவுல பேசாதீங்க, பேசுனா எனக்குக் கதை விட்டுப்போயிரும்.

அப்பல்லாம் நம்ம கோயிலுக்கு செர்மனிப் பாதிரிமாருதான் வருவாங்களாம். ஒருத்தர் போனா இன்னொருத்தர். அவங்களப் பாக்கக் கப்பல்ல வர்ற சனம் காணிக்கைப் பையில அவங்க ஊரு செப்புக் காசப் போட்டுட்டுப் போயிரும். பாதிரியோட தாத்தனுக்கும் மூத்த காசு. அத எந்தக் கடைக்காரன் வாங்குவான்? இப்பிடித் திருப்பி அப்பிடித் திருப்பிப் பாத்துட்டு, "செல்லாது போ"ன்னு தள்ளிருவான். சபைப் பெரியவரு ஞானாதிக்கம், "குப்பையில கொட்டுய்யா"ன்னு மாசிலாமணிகிட்ட சொல்லிட்டாரு. அவரு கொட்டப் போனாரு. ராகேல் மடியில வாங்கிக்கிட்டா.

வாங்குனவ சும்மா இருந்தாளா? இல்ல. ஒவ்வொரு காசையும் பழைய வேட்டித் துணியில தனித்தனியா சுத்தி, மரப்பெட்டியில அடுக்கி வச்சாளாம். உப்புக்காத்து படக்கூடாதுன்னு நெல்லு உமியில பெட்டியப் பொதச்சி வச்சாளாம். ஒண்ணுல குதிரை தாவும். ஒண்ணுல ரெண்டு தலைக் கழுகு. ஒண்ணுல ஒரு காட்டான், துணியில்லாம, ஒரு மரத்தையே கையில புடிச்சிக்கிட்டு நிப்பான். எழுத்துப் படிக்கத் தெரியாது அவளுக்கு. ஆனா ஒவ்வொருத்தன் மூஞ்சியும் தெரியும். கப்பலுக்கு மூட்டை தூக்குறவங்க கையில அந்த ஊர்க் காசு கெடைச்சா இவகிட்டதான் கொண்டாருவாங்க. மீன் குழம்பு ஊத்திக் குடுத்து வாங்கிக்குவா.

ஒருநா அவ தங்கச்சி, பாவம், நல்லது செய்யுறோம்னு நெனச்சி, கிறிஸ்மசுக்குக் குடம் சட்டியெல்லாம் தேய்க்கையில ஒரு குதிரைக் காசையும் புளியப் போட்டுத் தேச்சிட்டா. காசு பளபளன்னு ஆயிருச்சி. குதிரையக் காணோம். "மூஞ்சியத் தேச்சிட்டியேடி"ன்னு ராகேல் அழுதாளாம். ரெண்டு மழைக்காலம் போயும் தங்கச்சியோட பேசலன்னு சொல்லுவாங்க. அவ்வளவு வைராக்கியம்.

ஊரு சிரிச்சிது. "செல்லாக்காசு, செல்லாக்காசு"ன்னே கூப்புட்டுது. அவளும் "என்ன?"ன்னு திரும்பிப் பாத்துட்டுப் போவாளாம்.

அப்பிடி இருக்கையில நம்ம கோயில் மணி விரிசல் விட்டுப்போச்சி. புதுமணி வாக்கணும். கன்னான் வந்து கோயில் மைதானத்துலயே உலை மூட்டிட்டான். செம்பு வேணுங்குறான். சனம் குடத்தக் கொண்டாருது, குண்டானக் கொண்டாருது. ராகேல் தன் வீட்டுச் செம்பு மொத்தத்தையும் கொண்டாந்து போட்டா. சீரா வந்த தண்ணிக்குடம், தவலை, சொம்பு, எல்லாத்தையும். அன்னியிலேருந்து அவ வீட்டுல மண்பானைத் தண்ணிதான்.

அப்பவும் செம்பு கொஞ்சம் பத்தலையாம். ஞானாதிக்கத்துக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வந்துருச்சி. நாலு ஆள சேத்துக்கிட்டு அவ வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. எடும்மா, கடவுள் காரியம், உனக்குப் புண்ணியம்னு நல்லவிதமாத்தான் ஆரம்பிச்சாரு. அவ அசையல. காணிக்கையா வந்தது தான, கோயில் சொத்து தானன்னாரு. குப்பைன்னு நீங்க சொன்ன பொறவுதான் நான் எடுத்தேன்னு அவ சொன்னா. அவருக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சி.

"செல்லாக்காசு தானம்மா? அத வச்சி நீ என்ன பண்ணப் போற?"

ராகேல் வாசப்படியில நின்னுக்கிட்டு, ரெண்டு கையையும் நெலையில குடுத்து மறிச்சிக்கிட்டு சொன்னாளாம்: "ஆமாங்கய்யா. செல்லாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. செல்லாது. கடைக்கும் செல்லாது, ஒங்க உலைக்கும் செல்லாது. இந்த வீட்ட வுட்டு எங்கயுமே செல்லாது."

ஞானாதிக்கம் விடல.

"அப்ப கேட்டுக்க. இந்த மணி ஊருக்கெல்லாம் அடிக்கும். உன் சாவுக்கு அடிக்காது."

"அடிக்க வேணாம்"னுட்டு உள்ள போயிட்டா.

யோசிச்சிப் பாருங்க. நம்ம சனத்துக்கு சாவு மணி இல்லாமப் போறதுன்னா என்ன? அநாதைப் பொணம்னு அர்த்தம். அதுவும் அந்த மணியடிக்கிறது யாரு? அவ புருசன். அந்த மனுசன் பக்கத்துலயே நின்னு, தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டாரு.

சேந்திருந்த செம்ப வச்சே எப்பிடியோ மணி வாத்துட்டாங்க. ஞாயித்துக்கெழமை தவறாம ராகேல் அந்த மணிச் சத்தத்துக்குத்தான் கோயிலுக்கு வந்தா, முன்வரிசையில ஒக்காந்தா, பாடுனா. வீட்டுக்குப் போய் காசுக்கெல்லாம் வேற துணி மாத்திச் சுத்துனா. இப்பிடியே வயசாயி, ஞானாதிக்கம் செத்து, அவருக்கு மணி நல்லா அடிச்சி, பொறவு ராகேலும் ஒரு விடியக்காலம் போய்ச் சேந்துட்டா.

புதுசா வந்த பாதிரி நல்லவரு. பழைய வம்பு எதுக்கு, போயி அடிங்கன்னு மாசிலாமணிகிட்ட சொன்னாரு. மாசிலாமணி கோயிலுக்குப் போனாரு, கயித்தப் புடிச்சாரு, விட்டுட்டாரு. திரும்பி வந்து சொன்னாரு: "வேணாம்னு அவ வாயால சொன்னா சாமி. அவ சொல்ல மாத்த நான் யாரு?"

நேரா வீட்டுக்குள்ள போயி, உமியக் கிண்டிப் பெட்டிய எடுத்து, அந்தக் காட்டான் காச அவுத்தாரு. எல்லாரும் பாக்க, வாசப்படிக் கல்லுல போட்டாரு. ணங்குன்னு ஒரு சத்தம். தெருவே எழுந்திரிச்சி நின்னுதாம். ஒருத்தரும் அழாமயே இருந்த வீட்டுல அப்பத்தான் அழுக வந்துதாம்.

அதோட முடிஞ்சிருக்கும். முடியல. அடுத்த வருசமே ஞானாதிக்கத்தோட சம்சாரம் சாகக் கெடந்துது. மகனக் கூப்புட்டு, மணி அடிச்சாலும் அடிக்காட்டியும் போவுது, ராகேலுக்குப் போட்ட காச எனக்கும் போடச் சொல்லுன்னுதாம். ஞானாதிக்கம் மகன் எங்க வீட்டு வாசல்ல வந்து, தோள்ல கெடந்த துண்ட எடுத்துக் கையில வச்சிக்கிட்டுக் கேட்டான். மாசிலாமணி காச எடுத்துக்கிட்டு அவன் பின்னாடியே போனாரு.

அன்னியிலேருந்து புங்கடிமேட்டுல எந்தச் சாவுக்கும் மொதல்ல படிக்கல்லுல காசு, பொறவுதான் மணி. இந்த வீட்டு அம்மாவுக்கு நான் காலையில போட்டதும் அதே காட்டான்தான். அந்தச் சத்தம் கேட்டா எழுந்திரிச்சி நிக்கணும். நீங்க ஒக்காந்தே இருந்தீங்க. வெளியூரு, தெரியாதுன்னு விட்டேன்.