தோமெகிச்சிக்குத் தலைத்திவசம்

…அதத்தான் நானும் கேக்குறேன். செத்தவருக்குத் திவசம் உண்டு, சரி. பொறக்கவே பொறக்காதவருக்கு எந்த ஊர்லயாவது திவசம் பண்ணுவாங்களா? நீங்களே சொல்லுங்க தம்பி. இல்ல இல்ல, நிக்காதீங்க, இந்தப் படியிலயே உக்காருங்க. கல்லறை கழுவ வாளிதான வேணும்? ஒண்ணு கூட இல்ல. செத்தவங்களைக் கும்பிடற ஹிகான் வாரமாச்சே, ஊர்ல இருக்கற அத்தனை குடும்பமும் இன்னிக்கேதான் வந்து பெரியவங்களுக்குப் பூ வைக்கணும்னு நிக்குது. போதாக்கொறைக்கு நேத்து சூரை மீன் கப்பல் வேற கரைக்கு வந்திருக்கு, இந்த யாய்சு ஊர்ல கால் வைக்க எடமில்ல. ஒரு வாளி திரும்பி வரட்டும், மொதல்ல உங்களுக்குத்தான். அதுவரைக்கும் என் பொலம்பலைக் கேளுங்க, புண்ணியமாப் போகும்.

கெழங்கு வாசனை வருதா? எங்க அடுப்படிதான், தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு வருஷமா இந்தக் கோயில்ல ஊதுவத்தி வாசனையை விட சுட்ட சக்கரவள்ளிக் கெழங்கு வாசனைதான் ஜாஸ்தி. எல்லாம் அந்த மகராசன் தோமெகிச்சியால வந்தது. தோமெகிச்சின்னா… ஆங், தலையாட்டுறீங்க, தெரியுமா? தெரியாம எப்படி. ஞாயித்துக்கெழமை காலைல டிவி போடற எந்த வீட்டுலயும் தெரியும். 'மேகத் தபால்'ல, அந்தப் பறக்குற தபால் கப்பல்ல கரி அள்ளிப் போடுவாரே, மீசைக்காரர், சட்டைப்பையில எந்நேரமும் ஒரு கெழங்கோட. அவரேதான். அனிமே ஆளுதான், படமா வரைஞ்ச ஆளுதான். அவருக்குத்தான் இன்னிக்கு ரெண்டு மணிக்குத் தலைத்திவசம். நடக்குமா நடக்காதான்னு நான் சொல்லணுமாம். என் தலையெழுத்து.

எங்க வீட்டுக்காரர்தான் இங்க சூத்திரம் ஓதுறவரு. ஓதறது மட்டும் அவரு, மத்ததெல்லாம் நானு. கூட்டறது, தொடைக்கிறது, அழறவங்களுக்கு டீ போடறது. அழறவங்களுக்கு டீ போடறது ஒரு பெரிய வேலை தம்பி. ரொம்ப சூடா இருக்கக் கூடாது, பாவம், கவனிக்காம வாயைச் சுட்டுக்குவாங்க.

அப்படித்தான் போன வருஷம் மினாகோ வந்தா. பல் ஆஸ்பத்திரில சீட்டு எழுதிக் குடுக்குமே, அந்தப் பொண்ணு. கண்ணெல்லாம் வீங்கிப் போயி. பின்னாலயே இவாசே, மீன் அப்பளம்… அப்பளமில்ல, மீனை அரைச்சு வேக வச்சு விக்கிறான்ல கடைத்தெருவுல, அவன். மாடு மாதிரி ஒடம்பு, அவனும் விசும்புறான். நான் பதறிட்டேன். யாருப்பா வீட்டுலன்னு கேட்டா, தோமெகிச்சிங்கறாங்க. அன்னிக்குக் காலைல நானும் டிவில பாத்துட்டுதான் இருந்தேன். எரியிற கொட்டாய்ல கதவைத் தோளால தாங்கிக்கிட்டு, பிள்ளைங்களை வெளிய அனுப்பிட்டு, 'கெழங்கு கருகுதுடா, போங்க'ன்னு சொல்லிட்டு… எனக்கும் அடுப்புல சோறு அடிபிடிச்சுப் போச்சு. பொய் சொல்வானேன், நானும் அழுதேன்.

ஒரு சூத்திரம் ஓதுங்க அங்கிள்னு ரெண்டும் கெஞ்சுதுங்க. இவரு முடியாதுன்னுட்டாரு. படத்துக்கெல்லாம் ஓத முடியாது, புத்தர் சிரிப்பாருங்கறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். புத்தர் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும், ராத்திரிக்குச் சோறு யாரு போடறாங்கன்னு யோசிச்சுப் பாருங்கன்னேன். மனுசன் மணியை எடுத்துட்டாரு. முறையா எல்லாம் பண்ணினாரு, ஆமா. செத்தவங்களுக்கு வைக்கிற புதுப் பேரு வச்சாரு, அதைக் கறுப்புப் பலகைல பொன் எழுத்துல எழுதி உள்ள வரிசைல வச்சாரு. நாப்பத்தொம்பதாம் நாள் காரியத்துக்கு அந்த மண்டபம் கொள்ளல. பேப்பர்ல போட்டோ வந்துச்சு. ஒசாகாவுலேர்ந்தெல்லாம் வந்தாங்க தம்பி, ஒவ்வொருத்தரும் ஒரு பை கெழங்கோட.

நல்ல எண்ணத்துல கொண்டு வர்றாங்க, வேணாங்க முடியுமா? கெழங்குச் சோறு, கெழங்குக் கொழம்பு, கெழங்கு வறுவல். வயித்துல ஒரே வாயு. இவரு ஒரு சாவு வீட்டுல ஓதிட்டிருக்கறப்ப… வேணாம், கோயில்ல உக்காந்து அதைச் சொல்லக் கூடாது. எனக்குக் கெழங்கைக் கண்டாலே இப்ப குமட்டுது. வாயில வச்சு அஞ்சு மாசமாச்சு.

என்ன, ஏதோ சொல்ல வந்தீங்க? வாளியா? வரும் வரும். நீங்க ரோட்டு வேலையா? நல்லா வெயில்ல கறுத்திருக்கீங்க, அதான் கேட்டேன். சரி, எங்க விட்டேன்?

ஆங், இருபத்திரெண்டு வருஷமா ஓடுது தம்பி அந்தக் கதை. எம்பொண்ணு வயித்துல இருக்கறப்ப ஆரம்பிச்சது. அவ பொறந்து, படிச்சு, இப்ப நகோயாவுல வேலைக்குப் போறா. அதுல கடுதாசி குடுக்கப் போற அந்த நாகிப் பொண்ணுக்கு மட்டும் இன்னும் பதினாலு வயசு. தோள்ல அதே தபால் பை. கொறை சொல்லணும்னா நான் விடிய விடிய சொல்லுவேன். ஒரு சண்டை செர்ரி பூக்கறப்ப ஆரம்பிச்சா மழைக்காலம் முடியறப்பதான் மொத அடி விழும். மொகத்தை மொகம் மொறைக்கறதுக்கே ரெண்டு ஞாயிறு. நடுவுல ஒருத்தனுக்குப் பழசு ஞாபகம் வரும், அந்த ஞாபகத்துக்குள்ள இன்னொருத்தனுக்கு ஞாபகம் வரும். கப்பல் வெடிக்க அஞ்சு நிமிஷம்தான் இருக்குன்னு ஒரு தடவை சொன்னாங்க பாருங்க, அந்த அஞ்சு நிமிஷத்துக்குள்ள நான் ரெண்டு பல்லு புடுங்கி, பொய்ப்பல்லு கட்டி, அதுவும் பழகிப் போச்சு.

ஆனா நல்லதையும் சொல்லணுமில்ல. கெட்டவனா வர்றவனுக்கும் அதுல ஒரு வீடு இருக்கும், ஒரு அம்மா இருப்பா, அம்மா கையால ஒரு வாய் சோறு இருக்கும். அவன் திங்கறதைப் பாத்தா நமக்கே மனசு எளகிரும். அப்புறம் நாகி, எவ்ளோ கஷ்டம் வந்தாலும் ஒரு கடுதாசியைக் கூட பாதி வழியில விடமாட்டா. அதுக்காகத்தான் எல்லாத்தையும் பொறுத்துக்கறது.

இப்படி இவாசே கொறை சொல்லுவான், மினாகோ நல்லது சொல்லுவா, நான் நடுவுல பச்சைத் தேத்தண்ணி ஊத்துவேன். மாசம் ஒரு தடவை அந்த மண்டபத்துல. சின்னப் பிள்ளைலேர்ந்து ரெண்டும் ஒண்ணாப் பாத்ததுங்க, ஒண்ணா அடிச்சுக்கிட்டதுங்க, மறுநாளு ஒண்ணா நூடுல்ஸ் கடைக்குப் போயிருங்க. நல்லாத்தான போயிட்டிருந்துச்சு? போன ஞாயித்துக்கெழமை வந்துச்சு பாருங்க வெனை. நாகி ஏதோ ஒரு மழைத் தீவுல போயி ஒரு கதவைத் தட்டறா. கதவு தொறக்குது. உள்ள அடுப்பு எரியுது. முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு ஆளு கெழங்கைப் பெரட்டிட்டிருக்காரு. திரும்பறாரு. யாரு? தோமெகிச்சி. மீசை பாதி கருகிருக்கு, மத்தபடி ஆளு கல்லாட்டம் இருக்காரு…

ஏன் எந்திரிச்சிட்டீங்க? வாளி இன்னும் வரலை, உக்காருங்க. மொகமெல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சே. காலைல சாப்பிடலியா? இந்தாங்க, டீ குடிங்க, சூடில்ல. உங்க வீட்டுப் பெரியவங்க எங்கயும் போயிற மாட்டாங்க, மெதுவாப் போகலாம்.

அப்புறம் கேளுங்க. அன்னிக்கு மத்தியானமே ரெண்டும் இங்க வந்து நின்னுச்சுங்க. மினாகோ குதிக்கறா. பலகையை எறக்குங்க, திவசம் வேணாம், விருந்து வைக்கலாங்கறா. இந்தக் கதையோட பலமே யாரையும் கைவிடாததுதான், நாகி கடுதாசியவே விடமாட்டா, மனுசனை விடுவாளாங்கறா. இவாசே ஊதுவத்திக் கட்டைக் கையில வச்சுக்கிட்டு ஒரே கத்தல். இதுதான் இந்தக் கதையோட பெரிய ஓட்டை, யாரையும் சாகவே விடமாட்டானுங்க, ஒரு வருஷம் நம்மள அழ வச்சதெல்லாம் பொய்யாங்கறான். 'எனக்கு அவரு செத்தவருதான். வந்திருக்கறது வேற ஆளு. பலகை அங்கயே இருக்கணும், திவசம் சொன்னபடி நடக்கணும்.' மினாகோ ஒரு வார்த்தை விட்டா, நீ அழுததுக்கு வட்டி கேக்குறியான்னு. அவ்வளவுதான். அவன் ஊதுவத்தியை வீசிட்டுப் போயிட்டான். ரெண்டும் பேச்சு வார்த்தை இல்ல. நேத்து அவன் கடை வழியாப் போறேன், அவ வழக்கமா வாங்கற சாமானைத் தனியா எடுத்து வச்சிருக்கான், ஆனா வாயால கூப்பிட மாட்டானாம். கழுதைங்க.

இவருகிட்ட கேட்டேன், என்னங்க பண்றதுன்னு. ஆரம்பிச்சவ நீ, தீர்ப்பையும் நீயே சொல்லுன்னுட்டு பின்கட்டுல போயி பூச்செடிக்குத் தண்ணி ஊத்துறாரு. சோத்துல கை வச்சதுக்கு ஒரு வருஷம் கழிச்சுப் பழி வாங்குறாரு.

நான் இவாசே பக்கந்தான் தம்பி, மனசை விட்டுச் சொல்றேன். அந்தப் பொண்ணு சந்தோசமாக் குதிக்கறப்ப எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏன்னா உள்ள எத்தனை பலகை இருக்கு, போய்ப் பாருங்க. ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா? என் தம்பி ஷோஜியும் அந்த வரிசைலதான் இருக்கான். இருபத்தாறு வயசு. சூரைக் கப்பல்ல போனவன், ஒடம்பு கூடக் கெடைக்கல. நானும் ரெண்டு மூணு வருஷம் ஒவ்வொரு கப்பல் வர்றப்பவும் தொறமுகத்துக்குப் போயி நின்னேன். அவனுக்கு யாரும் அடுத்த வாரத்துக் கதை எழுதலையே. அப்படி இருக்க, வரைஞ்ச ஆளுக்கு மட்டும் கதவு தொறக்கும், அடுப்பு எரியும்னா எனக்கு எரியுமா எரியாதா? அதான் முடிவு பண்ணிட்டேன், பலகை அங்கயே இருக்கட்டும், ரெண்டு மணிக்குத் திவசம் நடக்கட்டும்னு. செத்தவங்க செத்தவங்களா இருக்கணும். அதுதான் மரியாதை.

சரி, என் கதை கெடக்கு. அதோ வாளி வந்துருச்சு பாருங்க. எந்தக் குடும்பம் நீங்க? பூ நல்லா இருக்கே, மஞ்சச் செவந்தி. எந்த வரிசைக் கல்லறை? …கல்லறை இல்லியா? அப்ப யாருக்கு?

…என்னது?

அந்தப் பைய இப்படிக் காட்டுங்க. அட கடவுளே… கெழங்கு. அப்ப இவ்வளவு நேரமும் இந்த வாசனை எங்க அடுப்படி இல்லியா? நேத்து வந்த கப்பலா நீங்க? போன வருஷம் அந்த ஞாயித்துக்கெழமை அவரு செத்ததைப் பாத்துட்டு, மறுநாளே கப்பல் ஏறிட்டீங்களா? ஒரு வருஷம் முழுக்கக் கடல்லயா… ஏதோ ஒரு தொறமுகத்துல இந்தக் கோயில் போட்டோவைப் பேப்பர்ல பாத்து, கரைக்கு வந்தா மொதல்ல இங்கதான்னு வச்சிருந்தீங்களா? பாவி நான், உங்களைப் பேச விட்டிருக்கணும். வீட்டுல யாரும் சொல்லலியா? அத்தனை வாரக் கதையையும் பதிவு பண்ணி வச்சுட்டு, உங்க வீட்டுக்காரம்மா வாயே தொறக்கலியா? நீங்க பூ வாங்கறதைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே அனுப்பி வச்சாளா? கெட்டிக்காரி. அந்தப் புண்ணியவதி கட்டிக் காத்ததை நான் ஒரு டீ ஆர்றதுக்குள்ள போட்டு ஒடச்சுட்டேனே. போன ஞாயித்துக் கதையைப் பாக்காதவங்ககிட்ட சொல்லாதீங்கன்னு வாசல்ல காகிதம் ஒட்டினதே நானு. தம்பி, கால்ல வேணா விழறேன், கோவிச்சுக்காதீங்க…

அழறீங்களா? இல்ல… சிரிக்கிறீங்க. ரெண்டும் பண்றீங்க.

ஆமா தம்பி. ஆமா. நெசமாத்தான். உசுரோட இருக்காரு. என் கண்ணால பாத்தேன், நல்லாத்தான் இருக்காரு. கெழங்கு சுட்டுக்கிட்டு. மீசையைப் பத்தி சொன்னதை மட்டும் மறந்துருங்க, அதையாவது நீங்களாப் பாருங்க. போங்க, இங்க உங்களுக்கு வேலை இல்ல, வீட்டுக்குப் போங்க. பூவா? அதை என்ன பண்றதுன்னா… வீட்டுக்காரம்மாவுக்குக் குடுங்க. கும்பிடெல்லாம் அப்புறம், ஓடுங்க. செருப்பு, தம்பி, செருப்பை மாத்திப் போட்டுட்டு ஓடறீங்க. அட, பையை விட்டுட்டுப் போறாரே… தம்பீ…

போயிட்டாரு. வாசல் தாண்டி, கடைத்தெருவுல ஓடறாரு, சின்னப் பையனாட்டம்.

ஏங்க. ஏங்க, செடிக்கு ஊத்தினது போதும், இங்க வாங்க. முப்பத்தோரு வருஷமா இந்தப் படியில உக்காந்து பூவோட வர்றவங்களுக்கு டீ ஊத்துறேன். ஒருத்தர்கிட்டயாவது, நீங்க பாக்க வந்த ஆளு சாகலைங்க, வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிருக்கேனா? இன்னிக்குச் சொன்னேங்க. என் வாயால சொன்னேன். அந்த மொகத்தை நீங்க பாத்திருக்கணும். தொறமுகத்துல நான் நின்னப்ப என்கிட்ட ஒருத்தர் இப்படி வந்து சொல்லிருந்தா… எனக்கும் அப்படித்தான இருந்திருக்கும் மொகம்.

பலகையை எறக்கிருங்க. இவாசேகிட்ட நான் பேசிக்கிறேன், மினாகோவையும் அங்கயே வரச் சொல்லுங்க, அவ சாமானு அவன் கடையிலதான் கெடக்கு. திவசம் இல்ல, சாப்பாடு. அந்த எடத்துல ஒரு பூ வையுங்க, ஷோஜி பக்கத்துல, அது காலியா இருக்க வேணாம்.

…ம். நல்லாத்தான் சுட்டிருக்காரு அந்தத் தம்பி, தோல் கூடக் கருகல. உக்காருங்க, உங்களுக்கும் பாதி தர்றேன்.