ஏரம்பு அப்பப்பாவும் கிளரன்ஸ் வாத்தியாரும்

அபிகாயில்: ...வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார், பிள்ளை. உவர் கிளரன்ஸ் வாத்தியார். படத்துக்குப் பின்னுக்கும் எழுதிக் கிடக்கெல்லே.

நிரோஜா: எழுதித்தான் கிடக்கு, ரீச்சர். ஆனா முகம் எங்கடை அப்பப்பாவின்ரை. அவற்றை பேர் ஏரம்பு.

அபிகாயில்: அந்தக் காலத்தில மானிப்பாய் வாத்திமார் எல்லாருக்கும் உந்த மீசைதான்.

நிரோஜா: மீசையை விடுங்கோ. இடது காது மடங்கியிருக்கு. அப்பாவுக்கும் இப்பிடித்தான். எனக்கும்... பாருங்கோ.

அபிகாயில்: தலைமயிரை விட்டுக் காதை மூடு. தேத்தண்ணி ஆறுது, குடி.

நிரோஜா: அப்பா செத்த முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறம். வம்சாவளி எழுதுறது என்ரை பொறுப்பு. நாளைக்கு அச்சகத்தில குடுக்கவேணும். நான் பிழை விட்டா அது எண்டைக்கும் பிழையாவே கிடக்கும், ரீச்சர். அதுதான் உங்களிட்டை இருக்கிற சேர்ச் பேர்ப்புத்தகத்தை ஒருக்கா...

அபிகாயில்: சைவக்காரற்றை மலருக்கு வேதக்காரற்றை புத்தகம் என்னத்துக்கு?

நிரோஜா: ஒரு பக்கம். ஒரேயொரு பக்கம்.

அபிகாயில்: நீயும் தம்பிராசா மாதிரித்தான். பிடிச்சா விடமாட்டாய்.

நிரோஜா: அப்பாவை உங்களுக்குத் தெரியுமோ?

அபிகாயில்: ...ஊரில ஆருக்குத் தெரியாது? இந்தா, முப்பத்திமூண்டாம் ஆண்டு. வாசி.

நிரோஜா: "ஞானஸ்நானப் பெயர் கிளரன்ஸ். பிறப்பு ஆயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டு, ஆவணி ஒன்பது..." ரீச்சர், அப்பப்பா பிறந்ததும் அண்டைக்குத்தான். தகப்பன்ரை பேரும் ஒண்டு. பொறுங்கோ, நான் பிழையாக் கொப்பி பண்ணினனோ தெரியாது... இல்லை. ரெண்டும் ஒராள்தான்.

அபிகாயில்: உதில என்ன அதிசயம்? வாத்தியார் வேலைக்காகத் தலையில தண்ணி விட்டவை கனபேர். பள்ளிக்கூடத்தில கிளரன்ஸ், வீட்டில ஏரம்பு.

நிரோஜா: கீழை முப்பத்தெட்டில ஒரு கலியாணம் கிடக்கு. பொம்பிளை சுகிர்தமாம். எங்கடை அப்பம்மா குணலட்சுமியெல்லோ!

அபிகாயில்: சுகிர்தம் நாற்பத்திமூண்டில நெருப்புக்காய்ச்சலில செத்துப்போனா. பிறகு மனுசன் திரும்பத் திருநீறு பூசிக்கொண்டு குணலட்சுமியைக் கட்டினவர். நல்ல மனுசி. முருங்கைக்காய்க் கறி வைச்சாவெண்டா...

நிரோஜா: வைச்சாவெண்டா?

அபிகாயில்: ...ஒழுங்கை முழுக்க மணக்குமாம். சொல்லுவினம்.

நிரோஜா: சுகிர்தத்துக்குப் பிள்ளையள் இருந்தவையோ?

அபிகாயில்: புத்தகத்தை மூடு. மலரில ஏரம்பு எண்டு போட்டாப் போதும்.

நிரோஜா: நாற்பதாம் ஆண்டுப் பக்கத்தைக் காணேல்லை, ரீச்சர்.

அபிகாயில்: கறையான்.

நிரோஜா: கறையான் அடிமட்டம் வைச்சு வெட்டுமோ?

அபிகாயில்: வாய் கூடிப்போச்சு உனக்கு.

நிரோஜா: நான்... நான் புத்தகம் பாக்க வரேல்லை. பொய் சொல்லிப்போட்டன். செத்தவீட்டில வாய்க்கரிசி போட்ட ஆக்களை ஒவ்வொராளாக் கொப்பியில எழுதினனான். இருபத்தாறு பேர். எல்லாரும் சொந்தம். வெளியாக்கள் போடமாட்டினமெல்லே. இருபத்திரண்டாவது வரியில பேர் இல்லை. "வயசான மனுசி, சாம்பல் சீலை, பொட்டில்லை." அவ்வளவுதான் கிடக்கு. உங்களைக் கொண்டந்து இறக்கின ஓட்டோக்காரர் றொபின் அண்ணைதான் இந்த வீட்டைக் காட்டினவர். மாமி... அந்த வரியில என்ன பேர் எழுதட்டும்?

அபிகாயில்: ...ஆரும் காணேல்லை எண்டெல்லோ இருந்தனான். பக்கத்தை வெட்டினது நான்தான், பிள்ளை. தம்பியைக் கோயில் தர்மகர்த்தா ஆக்கேக்க ஆரும் தோண்டிக் கதைக்கக் கூடாதெண்டு. இனி அவனை ஆர் கேக்கப்போகினம்? எழுது. ஏரம்பு மகள் அபிகாயில். உன்ரை அப்பாவை இடுப்பில வைச்சுத் திரிஞ்ச மூத்த அக்கா. அவன் செத்த நாளில இருந்து உங்களை மாதிரி நானும் மச்சம், மீன் இறைச்சி ஒண்டும் தொடேல்லை. சேர்ச்சில கேட்டவைக்கு, டொக்டர் மறிச்சுப்போட்டார் எண்டு சொல்லிப்போட்டன்.