ஒன்பதாம் வகுப்பின் இடது கைகள்

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் எங்கள் தலைமையாசிரியர் ரஞ்சனி அம்மையார் அவர்களே, ஆசிரியர்களுக்கே ஆசிரியராக விளங்கும் பல்கலைக்கழகக் கல்வியியல் துறைத் தலைவர் பேராசிரியர் எழிலரசன் ஐயா அவர்களே, எங்கள் பள்ளியில் பாடம் நடத்திப் பழகி இன்று விடைபெறும் பயிற்சி ஆசிரியர்களே, வயலாக இருந்த இடத்தில் எழுந்த ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் பெரியோர்களே, ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்து, தூக்கத்தைத் தள்ளிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, மேடையில் நாற்காலி போடப்படாமல், கூடத்தின் பின்வாசலருகே கையில் ஒரு தெர்மகோல் பெட்டியோடு நிற்கும் சந்தனமாரி மிஸ் அவர்களே, தலையைக் குனிந்துகொண்டிருக்கும் என் ஒன்பதாம் வகுப்பே.

இந்த இடத்தில் வணக்கம் சொல்ல வேண்டும். அதுதான் முறை. ஆனால் வணக்கம் சொல்ல என் கைகள் எழவில்லை. அவை செய்த ஒரு காரியத்தைச் சொல்லி முடித்த பிறகு எழுமா என்று பார்க்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை நன்றியுரை. அதை எழுதியும் கொடுத்தார்கள். அந்தத் தாளில் விளக்கு இருந்தது, ஏணி இருந்தது, தோணி இருந்தது. ஆசிரியர் எதுவாகவெல்லாம் இருக்க முடியுமோ அதெல்லாம் இருந்தது. சிரிக்கிறீர்கள். நானும் மனப்பாடம் செய்யும்போது சிரித்தேன். அந்தத் தாள் எங்கள் வீட்டில் அரிசி டிரம்முக்கு மேல் இருக்கிறது. இப்போது நான் படிப்பது வேறு தாள். யாருக்கும் தெரியாமல், போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில், பயந்து பயந்து எழுதிய தாள்.

மூன்றாவது வரிசையில் என் அம்மா கனகம் இருக்கிறார். காலையில் தலை பின்னிவிடும்போது சொன்னார்: "மேடையில ஏறினா யார் மனசும் நோவாம பேசிட்டு எறங்கணும், இன்னா?" சரி என்று தலையாட்டினேன். அம்மா, அந்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியாது. நீ எழுந்து வராதே.

அவையோரே, மேடையில் பயிற்சி ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் பொன்னாடை உண்டு. ஒருவர் மட்டும் ஏன் வாசலில் நிற்கிறார்? அவருக்கு ஏன் நாற்காலி இல்லை? அவர் பாடம் நடத்தவில்லையா? எங்களோடு வெயிலில் நிற்கவில்லையா? எங்கள் பெயரையெல்லாம் முதல் வாரத்திலேயே பாடமாக்கவில்லையா?

சந்தனமாரி மிஸ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஒரகடத்தில் ஒரு செல்போன் ஆலையில் போன் பொருத்தும் லைனில் நின்று சம்பாதித்து, அந்தச் சம்பாத்தியத்தில் பி.எட். சேர்ந்தவர். முதல் நாள் அவர் வாயைத் திறந்ததும் நாங்கள் சிரித்தோம். "ஏட்டி, என்ன முழிக்க?" என்று சத்யப்பிரியாவைக் கேட்டார். அன்று முதல் எங்கள் வகுப்பில் எல்லோரும் எல்லோருக்கும் ஏட்டிதான். வேல்ராஜுக்கும் ஏட்டிதான். அவன் ஆம்பளப் பையன் என்று எவ்வளவு சொல்லியும் பயனில்லை.

அவர் எங்களுக்கு வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுச் சொல்வார்: "தெரிஞ்சவங்க கைய தூக்கு. தெரியலன்னா கைய கீழயே வச்சுக்கோ. வெக்கப்படாத. நான் ஒங்கிட்ட வாரேன்." சொன்னபடி வருவார். கீழே இருக்கும் கைக்குப் பக்கத்தில் வந்து, பெஞ்சில் இடம் கேட்டு உட்கார்ந்து, மறுபடி சொல்லித்தருவார். வேல்ராஜ் ஒருமுறை கேட்டான்: "மிஸ், தெரியாதவனாண்டயே போய்க் குந்திகினு இருந்தா, தெரிஞ்சவன் கோச்சுக்க மாட்டானா?" மிஸ் சொன்னார்: "லைன்ல நின்னப்ப எனக்குப் பக்கத்துல ஒரு சுவிட்சு உண்டும்ல. ஏதாவது தப்பாப் போனா அமுக்கணும், லைட்டு எரியும், சூப்பர்வைசர் ஓடியாருவாரு. அமுக்காம ஒளிச்சா, தப்பான போனு பெட்டிக்குள்ள போயிரும். ஒங்கைய கீழ வச்சா அது எனக்கு லைட்டு மாதிரி."

இப்படி ஒருவரை நாங்கள் என்ன செய்தோம்?

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும், உங்களுக்குத் தெரியாது. பயிற்சி ஆசிரியர்கள் எங்களுக்குப் பாடம் நடத்தி முடிக்கும் சமயத்தில், பல்கலைக்கழகத் துறையிலிருந்து பேராசிரியர் வருவார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வகுப்பைப் பார்ப்பார். அதற்குப் பெயர் மதிப்பீட்டு வகுப்பு. அதில் தேறினால் ஆசிரியர். தேறாவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து.

அந்த நாளுக்கு நாங்கள் ஆறாம் வகுப்பிலிருந்தே பழக்கப்பட்டவர்கள். கேள்வி கேட்டதும் எல்லாக் கையும் மேலே போக வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை. தெரியாதவர்கள் இடது கை. ஆசிரியர் வலது கையை மட்டும் பார்த்து எழுப்புவார். பின்னால் இருக்கும் பெரியவருக்கு வகுப்பே வாழைத்தோப்பு மாதிரி பசுமையாகத் தெரியும். எங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர்கள் முன்பு வந்த பயிற்சி ஆசிரியர்கள். அதிகாரிகள் வரும்போது எங்கள் சொந்த ஆசிரியர்களும் இதையே செய்யச் சொன்னார்கள். ஆண்டுதோறும் கற்றோம். அயராமல் கற்றோம். அறிவியலை விட நன்றாகக் கற்றோம்.

சந்தனமாரி மிஸ் இதை எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஒருமுறைகூடச் சொல்லித்தரவில்லை. அவருடைய மதிப்பீட்டு வகுப்புக்கு முதல் நாள் மதியம், சைக்கிள் ஸ்டாண்டில் நாங்கள் கூடினோம்.

"இன்னாடி இது, மிஸ்ஸு நம்மளுக்கு ஒண்ணுமே சொல்லித் தரலையே. பாதிப் பேரு கைய கீழ வச்சுகினு இருந்தா மார்க்கு போட மாட்டாங்கோ" என்றான் வேல்ராஜ்.

"அதுக்குத்தான் நம்ம கீறோம்ல" என்றேன் நான். "தெரிஞ்சவன் வலது. தெரியாதவன் இடது. எவன் கையாவது கீழ இருந்துச்சு, அவனோட நான் பேச மாட்டேன்."

சொன்னது இந்த வாய்தான். வகுப்புத் தலைவி கலைமதியின் வாய். அன்பினால் சொன்னேன். அன்பு என்பதைச் சொல்லித் தப்பிக்க நான் இங்கே ஏறவில்லை.

மறுநாள் பாடம், நீரின் அழுத்தம். இப்போது மிஸ் கையில் இருக்கும் அந்தத் தெர்மகோல் பெட்டியில்தான் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை செய்து கொண்டுவந்திருந்தார். தண்ணீர் பாட்டிலில் மேலும் நடுவிலும் கீழும் துளை போட்டுக் காட்டினார். கீழ்த்துளைத் தண்ணீர் தூரப் பாய்ந்து முதல் பெஞ்சை நனைத்தது. பேராசிரியர் ஐயாகூடச் சிரித்தார். பிறகு மிஸ் கேட்டார்: "ஏரிக்கரை அடியில் ஏன் அகலமாகவும் மேலே குறுகலாகவும் கட்டப்படுகிறது?"

எல்லாக் கையும் எழுந்தது.

மிஸ்ஸின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அவையோரே, அந்த முகத்தை நான் மறக்கவே முடியாது. இத்தனை பேருக்குப் புரிந்துவிட்டதா என்ற மகிழ்ச்சி அது. எங்களை நம்பிய முகம் அது. வழக்கமாகக் கையைக் கீழே வைத்திருக்கும் வேல்ராஜ் கையைத் தூக்கியிருக்கிறானே என்று ஆசையோடு அவனை எழுப்பினார். அவன் தூக்கியிருந்தது இடது கை. எழுந்தவன் சுவரைப் பார்த்தான். சரி, கூச்சப்படுகிறான் என்று சத்யப்பிரியாவை எழுப்பினார். அதுவும் இடது கை. அவள் என்னைப் பார்த்தாள்.

பேராசிரியர் ஐயா பின்னாலிருந்து எழுந்து வந்தார். "இடது கை தூக்கினவங்க மட்டும் அப்படியே நில்லுங்க" என்றார். ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. வலது கைகளைக் கேட்டார். எல்லோருக்கும் தெரிந்தது. அவர் கேட்டார்: "யார் உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?"

நான் வகுப்புத் தலைவி. பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள். ஒரு சொல் வரவில்லை.

மிஸ் எங்களைப் பார்த்தார். எங்கள் கைகளைப் பார்த்தார். புரிந்துகொண்டார். பிறகு ஐயாவிடம் சொன்னார்: "என் வகுப்பு சார். நான்தான் பொறுப்பு."

அதை நீங்கள் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டீர்கள் ஐயா. பிள்ளைகளைப் பொய் சொல்லப் பழக்கியவர் என்று எழுதினீர்கள். அவருடைய பயிற்சி ரத்தானது.

ஐயா, தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். அவரே எங்களைப் பழக்கியிருந்தால் முதலில் இடது கையை எழுப்புவாரா? இரண்டாவதும் இடது கையையே எழுப்புவாரா? வலது எது இடது எது என்று பார்க்காமல் எழுப்பிய ஒரே பயிற்சி ஆசிரியர் அவர்தான். நாங்கள் பார்த்ததிலேயே அவர் ஒருவர்தான். உங்கள் துறையில் அந்த வித்தை தெரியாதவர் அவர் ஒருவர்தானோ என்னவோ, அவரைத்தான் அந்த வித்தைக்காகத் தண்டித்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இடது கைகளைப் பார்த்த உடனேயே அது என்னவென்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது ஐயா? ஏன் மற்ற மதிப்பீட்டு வகுப்புகளில் தெரியவில்லை? அங்கேயும் நாங்கள்தான் இருந்தோம். அங்கேயும் இதே இடது கைகள்தான் இருந்தன.

தலைமையாசிரியர் அம்மா, நீங்கள் என்னை முறைப்பது தெரிகிறது. அன்று மாலை எங்களை நிறுத்திவைத்து, "யாரும் வாயைத் தொறக்கக் கூடாது, ஸ்கூல் பேரு கெட்டுடும்" என்றீர்கள். சொல்லும்போது உங்கள் குரல் உடைந்தது. உங்களுக்கும் அவரைப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். டி.சி. கொடுத்துவிடுவீர்களோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளியின் பேர் அன்று கெடவில்லை அம்மா. ஆறாம் வகுப்பில் எங்கள் இடது கையைத் தூக்கச் சொன்ன நாளிலேயே கெட்டுப்போயிற்று.

ஆசிரியரை உருவாக்கும் துறை எதற்காக இருக்கிறது? கரும்பலகையில் நேராக எழுதக் கற்றுத்தரவா? தாருங்கள். பாடக்குறிப்பு எழுதக் கற்றுத்தரவா? தாருங்கள். குரலை ஏற்றி இறக்கக் கற்றுத்தரவா? அதையும் தாருங்கள். ஒரு பிள்ளை தெரியாது என்றால் அதன் பக்கத்தில் போய் உட்கார எந்த நாளில் கற்றுத்தருகிறீர்கள்? உயர்ந்த கைக்கு மதிப்பெண் போடுகிறீர்கள். கீழே இருக்கும் கைக்கும் போட்டிருந்தால் நாங்கள் பொய் சொல்லக் கற்றிருப்போமா?

அன்று அந்த வகுப்பு முடிந்ததும் நான் மிஸ்ஸின் பின்னால் ஓடினேன். "மிஸ், நான்தான் சொன்னேன்னு சார்கிட்ட சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்ட்டி. ஒன்னய ஸ்கூல விட்டு அனுப்பிட்டா ஒங்கம்மைக்கு யாரு பதில் சொல்லுதது? நான் லைனுக்கே திரும்பிப் போயிக்கிடுவேன். எனக்குப் பழக்கம்தான்."

போய்விட்டுத் திரும்பி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் இன்று இந்தத் தாளை எழுதியிருக்க மாட்டேன். அவர் கேட்டது இதுதான்: "இடது கை தூக்குனவங்களுக்கெல்லாம் அந்தப் பாடம் இன்னும் புரியல, என்னட்டி? மறுபடி ஒரு நாள் நடத்தலாம்னா நேரம் கெடைக்காமப் போச்சே."

அவையோரே, அவருக்குப் போனது வேலை. அவர் கேட்டது எங்களுக்குப் போன பாடம். நான் வெட்கப்படுகிறேன். தூக்கிய கைக்காக வெட்கப்படுகிறேன். தூக்கச் சொன்ன வாய்க்காக வெட்கப்படுகிறேன். ஐயா கேட்டபோது மூடிக்கொண்ட அதே வாய்க்காக அதைவிட வெட்கப்படுகிறேன்.

என் வகுப்பே, இப்போது உன்னைக் கேட்கிறேன். இந்த இடது கை வித்தையைச் சந்தனமாரி மிஸ் நமக்குச் சொல்லித்தரவில்லை என்று தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள். வலது கை மட்டும். பயமாக இருந்தால் கையைக் கீழேயே வைத்திருங்கள். அது தப்பில்லை, மிஸ் நமக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார். இடது கை மட்டும் வேண்டாம்.

எத்தனை கை எழும் என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியவில்லை. அதனால் அடுத்த வரியை வெற்றிடமாக விட்டிருக்கிறேன். ஒரு கை மட்டும் உறுதி. இதோ.

பேராசிரியர் ஐயா, நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணிய பிறகு நீங்கள் எழுதியதைத் திருத்துங்கள். அவருக்கு இன்னொரு வகுப்பு கொடுங்கள். அதே ஏரிக்கரைப் பாடம். தெரிந்தவர்கள் கையைத் தூக்குவோம், தெரியாதவர்கள் தூக்க மாட்டோம். வகுப்பு பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. எதற்கும் துணிந்து வாருங்கள்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. எழுந்து வராமல் உட்கார்ந்திருந்த என் அம்மாவுக்கு நன்றி. தெர்மகோல் பெட்டியோடு இன்னும் போகாமல் நிற்கும் என் ஆசிரியருக்கு, ஆம், என் ஆசிரியருக்கு, நன்றி.

தொடக்கத்தில் ஒரு வணக்கம் பாக்கி வைத்தேன். அதற்கு இரண்டு கையும் வேண்டும். வலது கை ஏற்கெனவே மேலே இருக்கிறது. பொய்க்காக மட்டுமே எழுந்து பழகிய இடது கையை இப்போது அதனோடு சேர்க்கிறேன்.

வணக்கம்.