பீற்றரின் காணி வரைபடத்தில் பிசகிய விதம்

பெயர்: மஹ்ரூப் சிபானா. வயது: 27. தொழில்: களப்புச் சூழல் ஆய்வுக் குழுவொன்றின் கணினி உதவியாளர். வசிப்பிடம்: கற்பிட்டி. தமிழில் கூறுகிறார்.

நான் உம்மாவுடன் மேற்படி ஊரில் வசிக்கிறேன். விண்ணிலிருந்து எடுக்கப்பட்ட செய்மதிப் படங்களை ஆராய்ந்து, களப்போரத்தில் நீருக்குள் வேரூன்றி நிற்கும் கண்டல் மரங்கள் சட்டவிரோதமாக வெட்டப்பட்ட இடங்களைக் கண்டுபிடிப்பதற்குக் குழுவின் புதிய கணினியைத் தயார்ப்படுத்தும் வேலை என்னிடம் தரப்பட்டது. அதன்படி பைதன் மொழியையும் அதற்கு வேண்டிய நிரல் தொகுதிகளையும் நிறுவினேன். காணி வரைபடத்தைச் செய்மதிப் படத்தின் மேல் சரியாகப் பொருத்தும் தொகுதி மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. இடம் பிசகலாம் என்று ஒவ்வொரு முறையும் திரையில் எச்சரிக்கை வந்தது. இந்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நேர்முகப் பரீட்சையில் சொல்லியிருந்ததால் யாரிடமும் கேட்க வெட்கப்பட்டேன். அதன் பின்னர், எச்சரிக்கை திரையில் தோன்றாதபடி ஒரு கட்டளையை எழுதிச் சேர்த்தேன்.

அதன் பின்னர் தயாரான வரைபடத்தில், மரங்கள் வெட்டப்பட்ட இடம் மாம்புரி மீனவர் பீற்றரின் காணிக்குள் விழுந்தது. அங்கே எல்லையைக் காட்டும் வேலி இல்லாததால், குழு அனுப்பிய வரைபடத்தை நம்பிப் பொலிசார் அவரைக் கைது செய்தனர். வரைபடத்தின் மூலப் பிரதியை ஒப்படைக்க நான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தபோது அவர் சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்தார். ஆய்வு வேலைக்காக என்னைத் தன் வள்ளத்தில் கூட்டிச் சென்றவர் அவர். என்னைக் கண்டதும் எழும்பி, "சேர், இந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும். சொல்லு மகள், அது என்ட காணியில்லையெண்டு" என்றார். நான், "படம் அப்பிடித்தான் காட்டுது, அங்கிள்" என்று சொல்லிவிட்டுக் கையொப்பமிட்டு வெளியேறினேன். அவர் நீதிமன்ற உத்தரவின்படி விளக்கமறியலில் வைக்கப்பட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

அதன் பின்னர் கணினியில் நிறுவியிருந்தவற்றை அழித்து, ஒத்துப்போகும் பதிப்புகளை முதலிலிருந்து நிறுவி, வரைபடத்தை மீண்டும் எடுத்தேன். வெட்டப்பட்ட இடம் பக்கத்து அரச காணியில் விழுந்தது. பீற்றரின் காணியில் ஒரு மரமும் வெட்டப்பட்டிருக்கவில்லை.

இன்று காலை அவருடைய மனைவி பிரான்சிஸ்காவிடம் இதைச் சொல்லப் போனேன். அவர் கதிரை போட்டு, பிளேன்டீ தந்து, "நீங்க பொலிசில கதைச்சுப் பார்த்தீங்களா மகள்?" என்று கேட்டார். தேநீரைக் குடித்து முடித்த பின்னரே நான் உண்மையைச் சொன்னேன். அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் முற்றத்தில் காத்து நின்றேன். அவர் திரும்பி வரவில்லை. அங்கிருந்து நேரே இங்கு வந்தேன்.

எவரும் வற்புறுத்தாமல் நானாகவே கூறிய இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. உண்மையென ஏற்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ம. சிபானா