ஜெயிக்கிற காரை நிறுத்தியவர்

மேடையில் வீற்றிருக்கும் தொழிற்சாலை மேலாளர் அவர்களே, பட்டறைத் தோழர்களே, முன்வரிசையில் கண்கலங்கி அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, வணக்கம்.

நம் தலைமை மெக்கானிக், நாமெல்லாம் "மறுபடி அண்ணன்" என்று அழைத்த பெரிய மனிதர், போய்விட்டார். எந்த நட்டை முடுக்கிக் காட்டினாலும் "மறுபடி" என்பார். அவரைப் புகழ எனக்குத் தகுதி உண்டா? இல்லை! அவர் உருவாக்கிய ரேலி பந்தயக் காரை ஓட்டியவன் நான். அவருக்கு நான் செய்த துரோகத்தை ஒப்புக்கொள்ளத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

அது என்ன கார்? பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் வாங்கும் சாதாரணக் கார். அதைக் காட்டுப்பாதையில் பறக்கவிட்டார் அண்ணன். எப்படி? புது ஸ்பிரிங்கை முதலில் தன் வீட்டுக் காரிலேயே மாட்டிப் பார்த்தார். அண்ணி சண்டைக்கே வந்துவிட்டார். "ரெண்டு டஜன் முட்டை வாங்கினா ஒண்ணாவது முழுசா வீடு வந்து சேருதா? கழட்டுங்க உங்க ரேலியை!" அன்றைக்கே வேறு ஸ்பிரிங் தேட ஆரம்பித்தார்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், பெரிய ரேலியின் கடைசி நாள். நாங்கள்தான் முதலிடம். இன்னும் நாற்பதே கிலோமீட்டர். வழியில் வண்டியைச் சரிபார்க்கும் இடத்தில், முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையைத் துடைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அதில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"வேற மாட்டுங்கண்ணே!" என்றேன்.

"அதுவும் இதே அச்சுல வார்த்ததுதான். வண்டி போகாது."

"நாப்பது கிலோமீட்டர் தாங்காதா?"

"தாங்கினாலும் தாங்கும். பக்கத்துல உட்கார்ந்து வழி சொல்றாரே, அவர்கிட்ட இதைச் சொல்லிட்டு வண்டியை எடு."

நான் சொல்லவில்லை. சாவியை விட்டெறிந்தேன்; கார் அங்கேயே நின்றது. மறுநாள் நிர்வாகத்துக்குப் பெயர் போடாமல் எழுதினேன்: "தலைமை மெக்கானிக் பயந்துபோய்க் கோப்பையைக் கோட்டைவிட்டார்." விற்பனைக்குப் போகும் கார்களுக்கு நம்பர் பிளேட் மாட்டும் வேலைக்கு அவரை அனுப்பினார்கள். முப்பது வருட அனுபவசாலியை!

அவர் கழற்றி அனுப்பிய பாகத்தைச் சோதித்தபோதுதான் தெரிந்தது, தெருவில் ஓடிய குடும்பக் கார்களிலும் அதே கோளாறு. அத்தனை கார்களையும் திரும்ப அழைத்து மாற்றினார்கள். எத்தனை குடும்பங்கள்! எத்தனை பிள்ளைகள்! ஒரு வருடம் கழித்து அண்ணனும் பட்டறைக்குத் திரும்பினார். "டயர்ல காத்து பார்த்தியா?" என்றுதான் என்னிடம் கேட்டார். யார் எழுதியது என்று யாரிடமும் கேட்கவில்லை. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை.

அண்ணி, எழுதிய பாவி நான்தான். அன்று பயந்தது அவரல்ல, தோற்பதற்குப் பயந்தவன் நான். இதை நேற்று எழுதி, கையெழுத்துப் போட்டு மேலாளரிடம் கொடுத்துவிட்டேன். அவரிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை உங்களிடம் கேட்கிறேன்.

தோழர்களே! ஞாயிற்றுக்கிழமை நம் கார் மீண்டும் புறப்படுகிறது. இந்தச் சபையில் சொல்கிறேன்: மெக்கானிக் நிறுத்து என்றால், முதலிடத்தில் இருந்தாலும் நான் இறங்கிவிடுவேன். அன்றும் இன்றும் எனக்கு வழி சொல்பவர் இதோ மூன்றாவது வரிசையில், மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் காரை நிறுத்தினாரே, அதற்கு அடுத்த வருடம் பிறந்தவள் அவள்.