டஸ்கிக்கு ஒரு கிடாரி

ரோவீனா சுடும் சீஸ் ஸ்கோன் ரொட்டி நன்றாக இருக்கும். வெண்ணெய் தடவுவதில் கஞ்சத்தனமே காட்ட மாட்டாள்.

விசாரிக்க வந்த நீங்கள் என் பதிவேட்டைக் காட்டிக் கேட்பது நியாயம்தான். டாரனாகி வட்டாரத்தில் மாட்டு டாக்டராக நான் போகும் மற்ற பண்ணைகளில் ஒரு பசுவிடம் சராசரியாக ஆறு கரு எடுக்கிறேன். அவள் பண்ணையில் மட்டும் ஐந்து முறையும் பூஜ்யம். சொல்கிறேன்.

டஸ்கி பன்னிரண்டு வயது ஜெர்சிப் பசு. ரோவீனாவின் அப்பா வளர்த்த மந்தையில் மிச்சம் அது ஒன்றுதான். போட்டதெல்லாம் காளைக்கன்று, நாலாம் நாளே இறைச்சி லாரியில் ஏறிவிடும். இனி அதனால் சுமக்கவும் முடியாது. அந்த வம்சத்தில் ஒரே ஒரு கிடாரி வேண்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டாள். ஒரே சமயத்தில் பல முட்டை முதிர்வதற்காக நாலு நாள், காலையும் மாலையும் ஹார்மோன் ஊசியை அவளே போடுவாள். சினை ஊசி போட்ட ஏழாம் நாள் நான் போய்க் கருப்பையைக் கழுவி, அந்த நீரை வடித்து, பால் கொட்டகையிலேயே மைக்ரோஸ்கோப்பில் தேடி எண்ணிக்கையைச் சொல்வேன். நல்ல கரு இருந்தால், தயாராக நிற்கும் வேறு பசுக்களுக்குள் அன்றே வைத்துவிடலாம்.

முதல் முறை உண்மையிலேயே ஒன்றும் இல்லை. அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "திரும்ப வருவீங்கல்ல, லாயிட்?" என்றாள். என் மனைவி என்னை விட்டுப் போன பிறகு இந்த ஆறு வருடத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

இரண்டாம் முறை எட்டு இருந்தது. எட்டும் முதல் தரம். எட்டு என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது, அப்புறம் நான் எதற்கு?

"ஒண்ணும் தேறல" என்றேன்.

"நான் ஒரு தடவ பாக்கட்டுமா?"

மறுத்தால் சந்தேகம் வரும். விலகி நின்றேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அழகா உருண்டையா இருக்கே."

"அழகுதான். உயிர் இல்ல."

நம்பினாள். எட்டையும் கொட்டகைச் சாக்கடையில் கொட்டினேன், தட்டைக் கழுவினேன், உள்ளே போய் ஸ்கோன் சாப்பிட்டேன்.

ஏழு வாரத்துக்கு ஒரு முறை போனேன். எனக்கு எரிச்சலாக இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போவேன். அவள் பசுவின் நெற்றியைத் தடவிக்கொண்டு நிற்பாள். "தப்பு எம்மேலதான், ஊசிய நேரம் தவறிப் போட்டிருப்பேன்" என்று புலம்புவாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். ஐந்தாவது முறை முடிந்ததும், "போதும், இதுக்கு மேல அத வதைக்க எனக்கு மனசில்ல" என்றாள். டஸ்கி அந்தக் குளிர்காலத்தில் வேலியோரம் படுத்தது, எழுந்திருக்கவில்லை.

பத்து நாள் கழித்து, வெளியே சாப்பிடப் போகலாமா என்று அவளைக் கேட்டேன்.

"எங்களுக்காக ரொம்பப் பாடுபட்டீங்க, லாயிட். இனிமே டஸ்கியே இல்லியே, இவ்வளவு தூரம் எதுக்கு அலையறீங்க?"

மரியாதையாகத்தான் சொன்னாள்.

மொத்தம் இருபத்தாறு கரு. இருபத்தைந்தைக் கொட்டியது நான்தான். கடைசி ஒன்று என் திரவ நைட்ரஜன் கலனில் உறைந்து பத்திரமாக இருக்கிறது. கிடாரிதான், சோதித்தும் பார்த்துவிட்டேன். அவள் ஒரு போன் செய்தால் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன், நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் கூப்பிட வேண்டியது அவள்தானே?