நடு வெல ஹெட்போன்

ஹெட்போன் வாங்கறதுன்னா நடு வெலையில வாங்கறதுதான் புத்தி சாமி. மட்டமானதுல நாயனம் கேட்டா கொசு பாடறாப்புல இருக்கும். ஒசத்தியானதுல பாட்டு தேனாட்டம் இருக்கும், ஆனா எனக்கு வேண்டிய வேலைக்கு அது ஆவாது. ஏன் ஆவாதுன்னு அப்பறம் சொல்றேன்.

பாவசங்கீர்த்தனத்துல வந்து, பாவத்த வுட்டுட்டு இத்தப் போயி சொல்றானேன்னு நெனைக்காதீங்க. எனக்குப் பின்னால வரிசையில யாரும் இல்ல. வேணும்னேதான் கடைசியா வந்தேன். அம்மா மட்டும் மெழுவத்திய கையில வச்சிக்கினு மாதா சுரூபத்தாண்ட நிக்குது. இன்னும் கொஞ்ச நேரத்துல ஆண்டவரு உயிர்த்த பாஸ்கு பூசை. அம்மா எனக்கு முன்னால போயி உங்க கையால நன்மை அப்பம் வாங்கும். வாங்கிட்டுத் திரும்பி, நானும் நாக்க நீட்டி வாங்கறனான்னு பாக்கும். பாவத்தோட வாங்கினா நரகம்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. வாங்காம ஒக்காந்துட்டா அம்மா கண்டுபுடிச்சிடும். நீங்க மன்னிப்பு குடுத்தாதான் எனக்கு வழி. பயமா இருக்குது சாமி. ஆனா ஒழுங்கா சொல்றேன்.

எங்க பெரியப்பா செபாஸ்தியான், நேத்திக்குப் பூட்டாரு இல்ல, இன்னிக்கு சாயங்காலம் நீங்கதான் மந்திரிச்சிக் குழியில எறக்கினீங்க. அவரு பட்டாளத்துல இருந்தவரு. லாரி கவுந்து இடுப்புக்குக் கீழ வெளங்காமப் பூடுச்சி. பொண்டாட்டி புள்ள இல்லாத மனுசன்னு நைனாதான் எங்கூட்டுக்குக் கூட்டியாந்தாரு. அதோட இழுப்பு வேற. இழுப்பு வந்துட்டா படுத்த மேனிக்கு மூச்சு வுட முடியாது. தூக்கி ஒக்கார வச்சி, முதுவுக்குத் தலகாணி குடுத்து, ஒரு மாத்திரையப் போட்டு, நெஞ்சத் தடவி வுட்டா அடங்கிடும். அவ்ளோதான் வேல. அத ஒரு கஷ்டம்னு நான் சொல்லல. நைனாவும் அம்மாவும் கழனிக்குப் போவணும். அதனால நான் பள்ளிக்கூடத்துல இருந்து நின்னுட்டேன்.

கூப்புடறதுக்கு அவராண்ட ஒரு பித்தள மணி இருந்திச்சி. தண்ணி வேணும்னா ஒரு ஆட்டு. இழுப்பு வந்தா விடாம ஆட்டுவாரு. சும்மா பேசறதுக்கும் ஆட்டுவாரு.

"டேய் தோமினிக், வெளிய இன்னாடா சத்தம்?"

"காக்கா பெரியப்பா."

"ஒண்ணா, ரெண்டா?"

இதுக்குத்தான் ஆட்டுவாரு. நல்ல மனுசன் சாமி. ஒரு நாளும் என்னத் திட்டினது இல்ல. திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் சௌகரியமா இருந்திருக்கும்.

என் சோட்டுப் பசங்க ஞாயித்துக்கெழம ராஜகிரி மல ஏறுவானுங்க. மொதல்ல வூட்டுக்குள்ள வந்து கூப்புட்டானுங்க. அப்பறம் ரோட்டுல நின்னுக்கினே கூப்புட்டானுங்க. அப்பறம் கூப்புடறதே இல்ல. மேல நின்னு அவனுங்க கத்தினா எங்கூட்டுத் தோட்டத்துல கேக்கும். வர்றவங்க போறவங்க எல்லாம், "இந்த வயசுல இப்படி ஒரு புள்ளயா"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. ஒருத்தரும் ஒக்காந்து பேசல. பெரியப்பா ஒருத்தருதான் என்கிட்ட பேசினாரு. அது ஒரு கணக்குல சேத்தி இல்லன்னு அப்ப நெனச்சேன்.

எனக்குப் பாட்டுன்னா எல்லாப் பாட்டும் புடிக்கும். ரேடியோல திருச்சி ஸ்டேசன் நாயனம், சிலோன்ல சினிமாப் பாட்டு, புதுசா வந்த பாண்டிச்சேரி ஸ்டேசன்ல எதப் போட்டாலும் சரி, எங்கியோ தூரத்துல இருந்து கரகரன்னு வர்ற இங்கிலீசு கிதார் பாட்டும் கேப்பேன். ஆனா பாதிப் பாட்டுல மணி ஆடும். போயி எத்தினி காக்கான்னு பாத்து சொல்லிட்டு வர்றதுக்குள்ள பாட்டு முடிஞ்சிருக்கும்.

தபசு காலம் வந்திச்சி. பாஸ்கு வரைக்கும் நாப்பது நாளும் வூட்டுல ரேடியோவ சத்தமா வைக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிடுச்சி. அப்பதான் நான் ஹெட்போன் கேட்டேன். பெரியப்பா ஒடனே சரின்னுட்டாரு. அவரு பென்சன்லதான் வாங்கினது. "புள்ள வேற இன்னா கேட்டுது"ன்னு நைனாகிட்டயும் அவரேதான் சொன்னாரு.

கடைத்தெருவுல ரேடியோ ரிப்பேர் பண்றாரே பாவாடை அண்ணன், அவரு பட்டணம் போனப்ப மூணு தினுசு வாங்கியாந்தாரு. ரேடியோ முதுவுல ஒரு ஓட்ட போட்டு, ஒயர் சொருவ வழி பண்ணிக் குடுத்தாரு. "மூணையும் எடுத்துக்கினு போ. பொண்ணு பாக்கறாப்புல பொறுமையா பாரு. எதையாச்சும் ஒடைச்சியோ, நீதான் கட்டிக்கணும்"னாரு.

நான் பொறுமையாத்தான் பாத்தேன் சாமி. உள் ரூம்புல ரேடியோ. பெரியப்பா கட்டிலு கூடத்துல. நடுவுல கதவு தொறந்திருக்கும், ஒருத்தர ஒருத்தர் பாக்கலாம். மணி காதுல வுழற ஹெட்போனா வாங்கணும் பெரியப்பா, நான் பாட்டு கேக்கறேன், நீங்க ஆட்டுங்க, கேட்டா கைய தூக்கறேன்னு சொன்னேன். அவருக்கு ஒரே குஷி. சின்னப் புள்ளயாட்டம் ஆட்டினாரு.

மட்டமானதுல பாட்டும் சரியில்ல, மணியும் நல்லா கேட்டுச்சி. ஒசத்தியானது பஞ்சு வச்சது. தவில்ல வெரலு படறது தனியா, குச்சி படறது தனியா கேக்குது. அந்த மாதிரி நான் கேட்டதே இல்ல. ஆனா பஞ்சு வழியா மணியும் கூடவே உள்ள வருது. நடு வெலைல இருந்ததுக்கு காத முழுசா மூடற ரப்பர். பாடறவங்களுக்குக் கொஞ்சம் சளி புடிச்சாப்புல இருந்திச்சி. மத்தபடி நாயனம், கிதாரு, கோயில் பாட்டு எல்லாத்துக்கும் தேவல. பெரியப்பா ஆட்டறாரு, கை மேலயும் கீழயும் போவுது, சிரிக்கறாரு. எனக்கு ஒண்ணும் கேக்கல.

நான் கைய தூக்கினேன்.

"இதுல கேக்குதாடா?"

"நல்லா கேக்குது பெரியப்பா."

"அப்ப அதயே வாங்கிக்க. வெலையும் அடக்கமா இருக்குது."

அப்ப எனக்கு வேற நெனப்பு எதுவும் இல்ல. ஒரு பாட்ட முழுசா கேக்கணும், அவ்ளோதான். கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் போச்சி. அவரு ஆட்டுவாரு, நான் பாட்டு முடிஞ்சதும் போவேன். "தூங்கிட்டியாடா"ம்பாரு. ஆமாம்பேன். இழுப்புக்கு விடாம ஆட்டினா மட்டும் பக்கத்து வூட்டு நாகம்மாக்கா போட்டது போட்டபடி ஓடியாந்துடும். வந்து என் முதுவுல தட்டும். அது நம்ம வேதம் இல்ல, ஆனா எங்கூட்டு மணி அதுக்கு அத்துப்படி.

பெரிய வியாழக்கெழம பூசையில இருந்து பாஸ்கு வரைக்கும் ஆண்டவரு துக்கத்துக்குக் கோயில் மணி அடிக்க மாட்டீங்க இல்ல, மரக்கட்டையத்தான் தட்டுவீங்க. எங்க அம்மா வருசா வருசம் வூட்டுல இருக்கற மணிக்கும் துணி சுத்திடும். ஆட்டுக் கழுத்து மணியக் கூட வுடாது. இந்த வருசம் பெரியப்பா மணியக் கையில எடுத்துட்டு யோசன பண்ணிச்சி. "சீக்காளி மணி, ஆண்டவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு, இருக்கட்டும்"னுச்சி.

நான்தான், கோயில் மணியே வாய மூடிக்கினு இருக்குது, நம்ம வூட்டுது மட்டும் அடிக்கலாமான்னு கேட்டேன். பெரியப்பாவும் அம்மாவப் பாத்து, "பையன் சொல்றது சரிதான் அருளு, நான் கட்டையத் தட்டிக்கறேன்"னாரு. அம்மா கண்ணு கலங்கிடுச்சி, இவ்ளோ பக்தியான்னு. மணி நாக்குல துணி சுத்தினது நான். வெறகுல இருந்து கட்ட எடுத்துக் குடுத்ததும் நான்.

பெரிய வெள்ளிக்கெழம மத்தியானம் நைனாவும் அம்மாவும் இங்க கோயிலுக்கு, சிலுவப் பாதைக்கு வந்துட்டாங்க. நான் ஹெட்போன மாட்டிக்கினேன். சிலோன்ல சினிமாப் பாட்டு ஓடிச்சி.

மொதப் பாட்டு பாதியில இருக்கச் சொல்லவே பெரியப்பா கட்டையால கட்டில் சட்டத்தத் தட்டினாரு. நான் திரும்பி ஒக்காந்திருந்தேன்னு சொன்னா பொய்யாப் போயிடும். அவரப் பாத்துக்கினுதான் ஒக்காந்திருந்தேன். வேகமாத் தட்டினாரு. மொதல்ல அது பாட்டோட தாளத்துக்கு சரியா வந்திச்சி, அப்பறம் தப்பிச்சி. வாய தொறந்து தொறந்து மூடினாரு. மூஞ்சி நீலமாச்சி. நடுவுல என்னப் பாத்து, பரவால்ல, மெதுவா வான்னு சொல்றாப்புல கைய ஆட்டினாரு. பாட்டு முடிஞ்சி அறிவிப்பு பண்றவரு பேசினாரு. எழுந்திரிக்கலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள அடுத்த பாட்டு. எனக்கு ரொம்பப் புடிச்ச பாட்டு அது.

கட்ட கையில இருந்து வுழுந்தப்பறம் இன்னும் ஒரு பாட்டு கேட்டேன். அப்பறம் ஹெட்போனக் கழட்டி, ஒயர சுத்தி வச்சிட்டு, போயி அவரத் தூக்கி ஒக்கார வச்சேன். முதுவுக்குத் தலகாணி குடுத்தேன். நெஞ்சத் தடவினேன். அதுக்கப்பறந்தான் நாகம்மாக்காவக் கூப்புட்டேன்.

"தட்டற சத்தம் கேட்டுதுடா, யாரோ வெறகு பொளக்கறாங்கன்னு இருந்துட்டேன், பாவி நான்"னு அது அழுதுது. "நீ ஜெபத்துல இருந்திருப்ப"ன்னுச்சி. தலைய ஆட்டினேன். சாவு மணி கூட அடிக்க முடியாத நாளுல பூட்டாரேன்னு நைனா அழுதாரு. என்னக் கட்டிப் புடிச்சிக்கினு, "உனக்கு இனிமே யாருடா இருக்கா"ன்னாரு. ராத்திரி பூரா தூக்கமே வரல. ரேடியோவும் வைக்கல. வூடு அவ்ளோ பெருசுன்னு எனக்குத் தெரியாது சாமி.

இவ்ளோதான் சாமி நடந்துது. பெரியப்பா கதைய வெவரத்துக்காகத்தான் சொன்னேன், பாவம்னு சொல்லல. ரப்பர் காத அடைச்சிருந்திச்சி. காதுல வுழாதவன யாரு குத்தம் சொல்ல முடியும். என் பாவம் ஒண்ணே ஒண்ணுதான். பெரிய வெள்ளிக்கெழம அன்னிக்கு சினிமாப் பாட்டு கேட்டுட்டேன். அதுக்குப் பரிகாரமா எத்தினி அருள் நிறைந்த மரியே மந்திரம் சொல்லணும்னு சொல்லிடுங்க சாமி. அம்மா ரொம்ப நேரமா நின்னுக்கினு இருக்குது.